முதல் ஆளை எடுப்பதிலிருந்து கணக்கு முடித்து அனுப்புவது வரை: யாழ்ப்பாணத்துச் சிறு முதலாளிமாருக்கான தொழிற்சட்ட வழிகாட்டி

தொழில் நியாயசபையில் (வேலை நீக்கப் பிணக்குகளை விசாரிக்கும் சபை) சிறு முதலாளி தோற்பது பெரும்பாலும் அநியாயம் செய்ததால் அல்ல. கையில் கடதாசி இல்லாததால். பிணக்கு வருவது ஆள் வேலையை விடும் நாளில். கேட்கப்படுவதோ அவர் வேலைக்கு வந்த முதல் நாளின் கடிதம். அதனால் இங்கே சொல்லும் படிகளை ஒழுங்கு மாற்றிச் செய்யக்கூடாது. பின்னால் வரும் ஒவ்வொன்றும் முன்னால் செய்ததின் மேல்தான் நிற்கிறது.

தொடங்க முன் மேசையில் இருக்க வேண்டியவை: பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பதிவுச் சான்றிதழ், வேலைக்கு வருபவரின் அடையாள அட்டைப் பிரதி, நேரம் எழுத ஒரு கட்டுக் கொப்பி, சம்பளச் சிட்டைப் புத்தகம் ஒன்று, ஒவ்வொரு ஊழியருக்கும் தனிக் கோவை.

1. உங்கள் தொழில் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பாருங்கள்

கஸ்தூரியார் வீதியில் துணிக்கடை, சுன்னாகத்தில் ஹாட்வெயார், திருநெல்வேலியில் கணக்காளர் அலுவலகம் எல்லாம் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டத்துக்குள் வரும். பேக்கரி, அச்சகம், கட்டட வேலை போன்றவற்றுக்குச் சம்பளச் சபைகள் உண்டு. அவை 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனித்தனியாகச் சம்பளமும் நேரமும் லீவும் நிர்ணயிக்கின்றன.

இதை முதலில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. லீவு எத்தனை, மேலதிக நேரத்துக்கு எப்படிக் கணக்கு என்பதெல்லாம் இதைப் பொறுத்தே மாறும். முன்னுக்குக் கடையும் பின்னுக்குப் போறணையும் வைத்திருக்கும் பேக்கரிக்காரர் இரண்டு சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டி வரலாம். சந்தேகமென்றால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் நேரே கேளுங்கள். கேட்பதால் யாரும் வழக்குப் போடுவதில்லை.

கீழே பெரும்பாலும் கடை, காரியாலயச் சட்டத்தை வைத்தே சொல்லப்படுகிறது.

2. வயது, சம்பளம், "முதலாளி யார்" என்ற மூன்றையும் முடிவாக்குங்கள்

வேலைக்கு எடுக்கக்கூடிய ஆகக் குறைந்த வயது 16. 2021இல் 14இலிருந்து உயர்த்தப்பட்டது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை ஆபத்தான வேலைகளில் விடக்கூடாது. பள்ளி விடுமுறைக்கு "சும்மா உதவிக்கு நிக்கிற பெடியன்" என்ற சமாதானம் செல்லாது. அடையாள அட்டையைப் பார்த்துப் பிரதி எடுங்கள்.

தேசிய குறைந்தபட்ச வேதனம் 2026 ஜனவரி 1 முதல் மாதம் 30,000 ரூபா, நாட்கூலி என்றால் 1,200 ரூபா. இது அடிப்படைச் சம்பளம். 24,000 ரூபாவை அடிப்படையாக எழுதி, வரவு ஊக்கத்தொகையும் மேலதிக நேரமும் சேர்த்து 30,000 காட்டுவது கணக்கில் வராது. உங்கள் தொழிலுக்குச் சம்பளச் சபை கூடுதலாக நிர்ணயித்திருந்தால் அந்தக் கூடிய தொகையைத்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, எங்கள் ஊருக்கே உரிய சிக்கல். காசு போட்டவர் கனடாவில் அல்லது லண்டனில்; கடையைப் பார்ப்பவர் இங்கே இருக்கும் மச்சான்; வியாபாரப் பதிவு இன்னும் அப்பாவின் பெயரில். ஆளை எடுத்ததும் மச்சான், நிறுத்தியதும் மச்சான். கைத்தொழில் பிணக்குச் சட்டத்திலும் ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.) சட்டத்திலும் "தொழில்கொள்வோர்" என்ற சொல் பிறருக்காக ஆள் எடுப்பவரையும் உள்ளடக்கும். எனவே "நான் சும்மா பார்த்துக்கொள்ளுறன்" என்ற மச்சானும் பிரதிவாதியாகலாம். பதிவில் உள்ள பெயர், நியமனக் கடிதத்தில் உள்ள பெயர், சேமலாப நிதியில் பதிந்த பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கடை நடத்துபவருக்குக் கையொப்பமிடும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள்.

3. நியமனக் கடிதத்தை முதல் நாளே கொடுங்கள்

"தெரிஞ்ச பெடியன், இவருக்கென்ன கடிதம்?" இதுதான் அதிகம் கேட்கும் வசனம். ஊழியர் விவரங்களை எழுத்தில் கொடுப்பது கடை, காரியாலயச் சட்டத்தில் கட்டாயம். ஊழியருக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். இங்கே தமிழில் எழுதினாலே போதும். ஆங்கில மாதிரியை இணையத்தில் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால், உங்களுக்கே தெரியாத வாக்குறுதிகள் அதற்குள் இருக்கும்.

கடிதத்தில் வர வேண்டியவை: பெயர், பதவி, தொடங்கும் திகதி, நிரந்தரமா தற்காலிகமா, அடிப்படைச் சம்பளமும் படிகளும் தனித்தனியாக, சம்பளம் கொடுக்கும் காலம், வேலை நேரம், வாராந்த விடுமுறை, லீவு, மேலதிக நேரக் கொடுப்பனவு வீதம், தகுதிகாண் காலம், அந்தக் காலத்தில் எந்த நிபந்தனையில் நிறுத்தலாம், பின்னர் எத்தனை நாள் முன்னறிவித்தல், சேமலாப நிதி, பணிக்கொடை (வேலையை விடும்போது சேவைக்காலத்துக்குக் கொடுக்கும் பணம்).

தகுதிகாண் காலம் ஆறு மாதம் என்று எழுதினால் அது முடிய முன் முடிவெடுங்கள். நிரந்தரமாக்குவதா, காரணம் எழுதி நீடிப்பதா, நிறுத்துவதா? ஒன்றும் செய்யாமல் எட்டாம் மாதம் "உன்னை இன்னும் நிரந்தரமாக்கேல்லை" என்றால் எடுபடாது.

தற்காலிகம் என்றால் முடியும் திகதியும் காரணமும் போடுங்கள்: "நல்லூர்த் திருவிழாக் காலம், 25 நாட்கள்" என்பது நேர்மையான தற்காலிகம். மூன்று மாதக் கடிதத்தை நான்கு வருடம் தொடர்ந்து புதுப்பித்தால், கடதாசி தற்காலிகம் என்றாலும் வேலை நிரந்தரம் என்று பார்க்கப்படும் வாய்ப்பே அதிகம்.

இரண்டு பிரதியிலும் ஊழியரின் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். கொடுத்ததை நிரூபிக்க அதுதான் சாட்சி.

4. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி): முதல் நாளிலிருந்து, முதல் ஆளிலிருந்து

மிகப் பெரிய தவறான நம்பிக்கை இதில்தான்: "பதினைஞ்சு பேருக்குக் குறைய எண்டால் ஈ.பி.எப். தேவையில்லை." பதினைந்து என்ற எண் வேறு இரண்டு சட்டங்களில் வருவது, கீழே பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஒரே ஒரு ஊழியர் போதும். தகுதிகாண் காலத்திலும், நாட்கூலிக்கும், துண்டு வேலைக்கும், கொமிஷனுக்கு நிற்பவருக்கும் உண்டு. குடும்பத்தார் மட்டும் நின்று நடத்தும் கடைக்கு விலக்கு. வெளியாள் ஒருவர் வந்தால் அந்தச் சமாதானம் போய்விடும்.

செய்யும் ஒழுங்கு இது. முதல் ஆளை எடுத்தவுடன் தொழில் அலுவலகத்தில் டி படிவம் நிரப்பி, வியாபாரப் பதிவுப் பிரதியுடன் கொடுத்துத் தொழில்கொள்வோர் இலக்கம் எடுங்கள். பிறகு ஊழியரைப் பதிந்து அங்கத்துவ இலக்கம் கொடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அவர் காசு எடுக்கப் போகும் நாளில் உங்கள் கடை வாசலுக்குத்தான் வருவார்.

மாதக் கணக்கை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். சம்பளம் 36,000 ரூபா.

ஊழியரிடம் கழிப்பது 8 வீதம்: 2,880.
நீங்கள் சேர்ப்பது 12 வீதம்: 4,320.
ஈ.பி.எப்.புக்கு மொத்தம்: 7,200.
ஈ.ரி.எப். 3 வீதம், முழுவதும் உங்கள் பணம்: 1,080.

ஆகவே கைக்குப் போவது 33,120. உங்களுக்கு ஆகும் செலவு 41,400. ஆளுக்குச் சம்பளம் பேசும்போதே இந்த இரண்டாவது எண்ணை மனதில் வையுங்கள். 36,000 "கைக்கு" தருவதாக வாய்மொழியாக ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு 8 வீதம் கழிக்கும்போதுதான் முதல் மனக்கசப்பு வருகிறது.

எதன் மேல் 20 வீதம்? மேலதிக நேரக் காசை விட்டுவிடலாம். வாழ்க்கைச் செலவுப் படி, லீவுச் சம்பளம், கொமிஷன், கடையில் கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதி சேரும். மத்தியானச் சோறு கடைக் கணக்கில் என்றால் அதையும் காசாக்கிச் சேர்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டையும் அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். ஒன்றைக் கட்டினால் மற்றது கட்டியதாகாது. நிதி வேறு, நிறுவனமும் வேறு. ஈ.பி.எப். பிந்தினால் மிகைக்கட்டணம் முதல் பத்து நாளில் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் கடந்தால் 50 வீதம் வரை ஏறும். மேலே சொன்ன ஊழியருக்கு 24 மாதம் கட்டாமல் விட்டு, அந்த மாதங்கள் எல்லாம் ஒரு வருடத்துக்கு மேல் பழையதாகிவிட்டால்: நிலுவை 1,72,800, மிகைக்கட்டணம் 86,400. இதில் ஊழியரின் 8 வீதத்தையும் இப்போது அவரிடம் கேட்க முடியாது. சம்பளம் கொடுத்தபோது கழிக்காவிட்டால் அதுவும் உங்கள் தலையில்.

"ஈ.பி.எப். வேண்டாம், முழுக்காசும் கையில தாங்கோ" என்று ஊழியரே எழுதித் தந்தாலும் அந்தக் கடதாசிக்கு மதிப்பில்லை. சட்டம் தந்த உரிமையை அவரால் விட்டுக்கொடுக்க முடியாது. வேலையை விட்ட அடுத்த வாரமே முறைப்பாடு கொடுப்பவரும் பெரும்பாலும் இவர்தான்.

5. நேரக் கணக்கு: கண்ணுக்குத் தெரியாத கடன்

கடை, காரியாலயச் சட்டத்தில் சாப்பாட்டு நேரம் தவிர்த்து நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. அதற்கு ஒன்றரை மடங்கு. வாராந்த விடுமுறை ஒன்றரை நாள், சம்பளத்துடன்.

இப்போது ஒரு சாதாரண துணிக்கடையைப் பாருங்கள். காலை 8.30க்குத் திறப்பு, மாலை 7.00க்குப் பூட்டு, இடையில் ஒரு மணி சாப்பாடு. நாளுக்கு ஒன்பதரை மணித்தியாலம். ஞாயிறு மட்டும் லீவு. ஆறு நாளுக்கு 57. அதாவது சட்ட எல்லையின் கடைசிக் கோட்டில் நிற்கிறீர்கள், அரைநாள் விடுமுறையும் கொடுபடவில்லை. தீபாவளிக்கு ஒரு மணி பிந்திப் பூட்டினால் எல்லை தாண்டியாயிற்று.

காசாகப் பாருங்கள். மாதச் சம்பளம் 36,000ஐ 240ஆல் வகுத்தால் மணிக்கு 150 ரூபா. ஒன்றரை மடங்கு 225. வாரம் 12 மணி, நான்கு வாரம்: 10,800 ரூபா. "36,000க்குள்ள எல்லாம் அடக்கம்" என்று சொன்ன முதலாளி ஒவ்வொரு மாதமும் இந்தக் கடனை வாங்கிக்கொண்டிருக்கிறார். சம்பளச் சபைத் தொழில்களில் வகுக்கும் எண் வேறு; 240ஐ அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இதற்கு வழி மாறிமாறி வரும் நேரம்தான். பாதிப்பேர் 8.30க்கு வந்து 5.30க்குப் போகட்டும், மிச்சப்பேர் 10.00க்கு வந்து 7.00க்கு. கடை திறந்திருக்கும் நேரமும் ஆள் வேலை செய்யும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அரைநாளையும் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு நாளில் பிரித்துக் கொடுக்கலாம்.

போயா நாளில் வேலை வாங்கினால் ஒன்றரை நாள் சம்பளம். இங்கே போயாவுக்குக் கடைகள் திறந்திருப்பது வழமை என்பதால் இது அப்படியே மறந்துபோகிறது.

வருடாந்த லீவு 14 நாள். முதல் வருடத்தில் இல்லை. அடுத்த வருடத்தில் எத்தனை என்பது சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல்–ஜூன் 10, ஜூலை–செப்டெம்பர் 7, ஒக்டோபருக்குப் பின் 4. அமைய லீவு வருடத்துக்கு 7. முதல் வருடத்தில் முடித்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒன்று. லீவு கேட்டதும் கொடுத்ததும் துண்டிலாவது எழுத்தில் இருக்கட்டும்.

மகப்பேற்று லீவு 84 நாள், முழுச் சம்பளத்துடன்: முன்னுக்கு 14, பின்னுக்கு 70. வார விடுமுறை, போயா, சட்ட விடுமுறை நாட்கள் இந்த 84இல் சேராது. மூன்றாம் பிள்ளைக்குக் குறைவு என்ற பழைய கணக்கு 2018இல் எடுபட்டுவிட்டது. இந்தச் செலவை அரசாங்கம் திருப்பித் தராது. பெண் ஊழியர்கள் உள்ள கடை முதலே ஒதுக்கி வைக்க வேண்டும். கர்ப்பத்தைக் காரணமாக்கி நிறுத்தினால் நிலைமை மிக மோசமாகும்.

6. சம்பளச் சிட்டையும் பற்றுக் கொப்பியும்

மாதம் முடிந்து பத்து நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும். சிட்டையில் அடிப்படை, படி, மேலதிக நேரம், கழிப்பு என்று தனித்தனியாகப் போட்டுக் கையொப்பம் வாங்குங்கள். வங்கிக்குப் போட்டாலும் சிட்டை வேண்டும். வங்கிப் பதிவு தொகையைக் காட்டும், அதற்குள் என்ன இருக்கிறது என்று காட்டாது.

பற்றுக் கொப்பி (ஊழியர் வாங்கும் முன்பணத்தை எழுதும் கொப்பி) எங்கள் கடைகளில் ஒரு தனி உலகம். முதலாளி தன் கையால் "5,000" என்று எழுதிய வரி சாட்சியாகாது. திகதி, தொகை, எத்தனை தவணையில் கழிப்பது, வாங்கியவரின் கையொப்பம்: ஒவ்வொரு வரியிலும் நான்கும் வேண்டும்.

உடைந்த கண்ணாடிக்கும் கல்லாவில் குறைந்த காசுக்கும் நினைத்தபடி சம்பளத்தில் வெட்டக்கூடாது. சட்டம் அனுமதித்த கழிப்பு மட்டுமே கழிப்பு.

7. வேலையில் காயம் பட்டால்

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் சின்னக் கடைக்கும் பொருந்தும். வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நடக்கும் விபத்து 2022 திருத்தத்துக்குப் பிறகு உள்ளே வருகிறது. சாவகச்சேரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஊழியர் உங்களுக்கும் ஒரு பொறுப்பு. ஊழியர் நட்டஈட்டுக் காப்புறுதி ஒன்று எடுங்கள். ஏணி, மாவரைக்கும் இயந்திரம், தகடு வெட்டும் கத்தி உள்ள இடங்களில் அது இல்லாமல் ஆள் வைக்கவே கூடாது.

8. ஒழுக்கப் பிழை நடந்தால்

கோபம் ஆறட்டும், பிறகு எழுதுங்கள். எந்த நாள், எந்த நேரம், என்ன நடந்தது என்று குறிப்பிட்டு விளக்கம் கோரும் கடிதம். பதில் தர நாள் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால், சம்பவத்தில் சம்பந்தப்படாத ஒருவரை வைத்து விசாரணை. சொன்னதை எழுதிக் கையொப்பம். அதன் பிறகே தண்டனை. சின்னப் பிழைக்கு எச்சரிக்கைக் கடிதம் போதும், ஆனால் அது கோவையில் இருக்க வேண்டும். "எத்தனை தரம் சொல்லியாச்சு" என்பது எழுத்தில் இல்லையென்றால் ஒரு தரமும் சொல்லாததற்குச் சமம்.

களவு என்றால் பொலிஸ் முறைப்பாடு தனி, உள் விசாரணை தனி. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

9. ஆளை நிறுத்துவது

"நாளையிலிருந்து வரவேண்டாம்." இந்த இரண்டு சொல்லே வேலை நீக்கம். காரணம் எழுதாவிட்டாலும், கடிதம் கொடுக்காவிட்டாலும் நீக்கம் நீக்கம்தான். ஆறு மாதத்துக்குள் ஊழியர் தொழில் நியாயசபைக்குப் போகலாம். அதற்கு ஆள் எண்ணிக்கை எல்லை இல்லை. நீக்கியதை நீங்கள் ஒப்புக்கொண்டால், அது நியாயம் என்று காட்டும் சுமை உங்கள் பக்கம். சபை வேலையைத் திருப்பிக் கொடுக்கவும் நட்டஈடு கொடுக்கவும் உத்தரவிடலாம்.

பதினைந்து இங்கேதான் வருகிறது. கடந்த ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேர் அல்லது கூட இருந்தால், ஒழுக்காற்றுக் காரணமல்லாமல் ஒருவரை நிறுத்த (வியாபாரம் சரியில்லை, ஆள் கூடிவிட்டது) அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். முந்திய 12 மாதத்தில் 180 நாளுக்குக் குறைய வேலை செய்தவருக்கு இது பொருந்தாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இது. அனுமதியில்லாத நிறுத்தம் செல்லாது. நட்டஈட்டின் உச்சம் 25 இலட்சம் ரூபா. ஒழுக்காற்றுக் காரணத்தால் நிறுத்தினால், இரண்டாவது வேலை நாள் முடிய முன் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஊழியர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால்? "அவர்தானே வரேல்லை" என்று சும்மா இருக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து "என்னை வெளியேற்றினார்கள்" என்று வருவார். ஒரு வாரத்துக்குள் பதிவுத் தபாலில் கடிதம்: இன்ன திகதிக்குள் வேலைக்கு வரவும், வராததற்குக் காரணம் தெரிவிக்கவும். பதில் இல்லையென்றால் இரண்டாவது கடிதம். அதில் பதவியைக் கைவிட்டதாகக் கருதுவதாக எழுதுங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கோவையில் குத்துங்கள். விலகுகிறேன் என்பவரிடமும் விலகல் கடிதம் அவர் கையால் வாங்குங்கள்.

10. பணிக்கொடை

ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசி மாதச் சம்பளத்தில் பாதி. 7 வருடம் 8 மாதம் வேலை செய்து 36,000 எடுத்தவருக்கு 18,000 x 7 = 1,26,000. விலகிப் போனாலும் உண்டு. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் 10 முதல் 30 வீதம் வரை மிகைக்கட்டணம்.

இங்கேயும் 15, ஆனால் எண்ணும் முறை வேறு. சராசரி இல்லை, கடைசி 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 15 பேர் இருந்திருந்தால் போதும். பதினொரு பேர் உள்ள கடை தீபாவளிக்கு ஐந்து பேரைத் தற்காலிகமாக எடுத்தால் அந்த நாள் பதினாறு. 15க்குக் குறைவென்றாலும் கதை முடியவில்லை. ஊழியர் நியாயசபையில் பணிக்கொடை கேட்கலாம். கொடுக்க வேண்டி வரும் என்றே வைத்து மாதாமாதம் ஒதுக்குவது நல்லது.

களவு, வேண்டுமென்று செய்த சேதம் போன்றவற்றால் நீக்கப்பட்டவருக்குக்கூட, நட்டத்தின் அளவுக்குத்தான் பிடிக்கலாம். 40,000 ரூபா பொருள் போனதென்று 1,26,000ஐயும் நிறுத்தினால் மிச்சம் 86,000 உங்கள் கடன்.

11. இதுவரை ஒன்றும் செய்யாதவர் எங்கே தொடங்குவது

பழைய நிலுவையை நினைத்துப் பயந்து இந்த மாதத்தையும் விடுவதுதான் மிகக் கூடிய பிழை. ஒழுங்கு இப்படி இருக்கட்டும்.

இன்றே நேரக் கொப்பியைத் திறவுங்கள். வந்த நேரம், போன நேரம், ஊழியரின் கையெழுத்து. பழைய மாதங்களுக்குப் பின்திகதியிட்டு எழுத வேண்டாம். ஒரே பேனையில் ஒரே நாளில் எழுதிய மூன்று வருடப் பதிவைத் தொழில் அதிகாரி ஒரு பார்வையில் பிடிப்பார். அதோடு உண்மையான பதிவிலும் நம்பிக்கை போய்விடும்.

இந்தக் கிழமைக்குள் ஈ.பி.எப். பதிவு. இந்த மாதச் சம்பளத்திலிருந்து கழித்து, அடுத்த மாத முடிவுக்குள் கட்டுங்கள்.

பிறகு இருக்கும் ஊழியர்களுக்கு நியமனக் கடிதம். கடிதத்தின் திகதி இன்றையது. உள்ளே "2021 மே முதல் வேலையில் உள்ளார்" என்று உண்மையான தொடக்கத்தை எழுதுங்கள். பழைய சேவையை மறைத்துப் புதிய ஆளாகக் காட்டினால், கடையின் பழைய பில் புத்தகத்தில் இருக்கும் அவருடைய கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும்.

கடைசியாகப் பழைய நிலுவை. மாதவாரியாகக் கணக்குப் போட்டு, தொழில் அலுவலகத்துக்கு நீங்களாகவே கொண்டு போங்கள். முறைப்பாடு விழுந்து அதிகாரி கடைக்கு வந்த பிறகு கொடுக்கும் அதே கணக்கு, நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும் கோவையின் முதல் பக்கமாகிவிடும். புதிய பங்களிப்பு நிற்காமல் போய்க்கொண்டிருந்தால்தான் நிலுவையைத் தவணையாகக் கட்டுவது பற்றிக் கதைக்க வாயிருக்கும்.